ஒரு மூச்சுக்கு ஒரு வரிசை

மச்சான்,

ஒரு வெட்கக்கேட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். நீர் பின்னிய கம்பளியில் மிஞ்சிப்போன அரக்கு நிற உல்லன் உருண்டை இருக்கிறதே, அதைக் கையில் பிடிக்காவிட்டால் எனக்கு மதியத் தூக்கம் வருவதில்லை. மீசையும் தொப்பையுமாக ஐம்பதை நெருங்குகிற ஆள், பச்சைப்பிள்ளை பொம்மையைப் பிடித்ததுபோல நூலுருண்டையைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கிறேன். என் பெண்டாட்டி இதைக் குழாயடியில் சொல்லிவிட்டாள். இப்போது தெருவில் போகிற பெண்கள் என்னைப் பார்த்துத் தாலாட்டு முனகுகிறார்கள்.

இன்றைக்கும் அப்படித்தான் படுத்தேன். உருண்டையிலிருந்து உம்முடைய மூக்குப்பொடி நெடி குப்பென்று வந்தது. இரண்டு தும்மல் போட்டேன். தூக்கம் போய்விட்டது. சரி, நாலு வரி எழுதுவோம் என்று உட்கார்ந்தேன். நான் படித்தது மூன்றாம் வகுப்பு வரைக்கும்தான் என்பது உமக்குத் தெரியும். பிழை இருந்தால் திருத்திக்கொள்ளும். அங்கே உமக்கு வேறென்ன வேலை.

சங்கு குளிக்கப் போன காலத்தில் நீர் கடலுக்கு அடியில், நான் வள்ளத்தில். முங்குகிறவனுக்குக் கயிறு பிடிக்க மச்சினனைத்தான் வைப்பார்கள் நம் கரையில். மற்றவன் கண்ணசந்துவிடுவான், கூடப்பிறந்தவள் தாலி கயிற்றில் தொங்குகிறதே என்று மச்சினன் மட்டும் விழித்திருப்பானாம். கீழேயிருந்து நீர் கயிற்றைச் சுண்டி ஒரு வெட்டு வெட்டினால் நான் கேள்வி கேட்காமல் தூக்கவேண்டும். எத்தனை வருசம் தூக்கினேன். ஒருமுறையாவது "நல்லாத் தூக்கினாய்" என்று சொல்லியிருப்பீரா? மேலே வந்து மூச்சு வாங்கினதும் முதல் பேச்சே, "ஏலே மாப்ள, தூங்கிட்டியோ" என்பதுதான்.

காதில் சீழ் வைத்து, இனி முங்கினால் காது மட்டுமில்லை ஆளும் போய்விடும் என்று டாக்டர் சொன்ன பிறகு நீர் வீட்டில் உட்கார்ந்தீர். உட்கார்ந்த உம்மைப் பார்க்க முடியவில்லை. அக்கா உலை வைத்தால் அதில் குறை, மீன் கழுவினால் அதில் குறை. ஒருநாள் அவள் மாதா பீடத்து விரிப்புக்குக் குரோஷா போட்டுக்கொண்டிருந்தபோது, கண்ணி பெரிதாக இருக்கிறது, இதில் நெத்திலிகூட நிற்காது என்று சொன்னீர். அவள் ஊசியை உம் மடியில் எறிந்துவிட்டுக் கோயிலுக்குப் போய்விட்டாள். திரும்பி வரும்போது நீர் ஒரு சாண் பின்னியிருந்தீர். அன்றிலிருந்து வீட்டில் சண்டை நின்றது. முதலில் தலையணைக்கு உறை, பிறகு ரேடியோவுக்குச் சட்டை, பிறகு தண்ணீர்ப் பானைக்குத் தொப்பி. நான் சும்மா உட்கார்ந்தால் எனக்கும் ஒன்று மாட்டிவிடுவீரோ என்று பயந்துதான் திரிந்தேன்.

அப்புறம் செலின் சங்கதி வந்தது. நர்ஸ் வேலைக்குக் குன்னூர் போன உம் மகள், அங்கேயே தேயிலை லாரி ஓட்டுகிற பையனைக் கட்டிக்கொண்டாள். கல்யாணத்துக்கு நீர் போகவில்லை. அவள் பேரைச் சொல்வதில்லை. அவள் முழுகாமல் இருக்கிறாள் என்று அக்கா சொன்ன அன்று, கேட்காத காதைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தீர். மறுநாள் காலையில் என்னைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போய் உல்லன் நூல் கேட்டீர். தூத்துக்குடியில், சித்திரை மாதத்தில். கடைக்கார அண்ணாச்சி விசிறியைக் கீழே வைத்துவிட்டு, "வீட்ல யாருக்கு அண்ணாச்சி குளிர்காய்ச்சல்?" என்று கேட்டார். நான்தான், இவருக்குத்தான், மண்டையில் என்று சொன்னேன்.

பிறக்கப்போகிற பேரப்பிள்ளைக்குப் பின்னிய அந்தக் கம்பளிக்குத்தான் என்னை மறுபடி வேலைக்கு வைத்தீர். நுணுக்கமான வேலை எதுவானாலும் மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்வது உம் பழக்கம், சவரம்கூட அப்படித்தான். கம்பளியும் அப்படியே நடந்தது. கன்னத்தை உப்பி மூச்சை இழுத்து அடக்குவீர். ஊசி ஓடும். மூச்சு எங்கே முடிகிறதோ அங்கே வரிசை முடியும். 'ஊஃப்' என்று தலையை நிமிர்த்தி, கண்ணைத் துடைப்பீர், கடல் தண்ணீரைத் துடைப்பதுபோல. அப்புறம் துணியைத் திருப்பிப் பிடித்து அடுத்த முங்கு. நான் எதிரே உட்கார்ந்து உருண்டையைப் பிடித்து நூல் விட்டுக்கொடுக்க வேண்டும். ஒருநாள் நான் வராமல் போனதற்கு நீர் ஊசியைத் தொடவே இல்லையாம். ஆள் இல்லாமல் எப்படி இறங்குவது என்று அக்காவிடம் கேட்டீராமே. அவள் தலையில் அடித்துக்கொண்டது இங்கே என் வீடு வரை கேட்டது.

பாதிக் கம்பளி ஆனபோது அந்த வினை நடந்தது. உச்சி வெயில். வயிற்றில் பழைய சோறும் கருவாடும். நான் உருண்டையைப் பிடித்தபடியே கண்ணசந்துவிட்டேன். நீர் மூக்குப்பொடி போட ஊசியைக் கழற்றிவைத்துவிட்டுக் கையை நீட்டியிருக்கிறீர். முழங்கை நூலில் பட்டு ஒரு வெட்டு. அவ்வளவுதான், என் கை விழித்துக்கொண்டது. நான் விழிக்கவில்லை. காலை உதைத்து ஊன்றி, கைமாற்றிக் கைமாற்றித் தூக்கினேன். ஊசி இல்லாத கண்ணியல்லவா, ஒன்று அவிழ்ந்தால் அடுத்தது வழிவிடும். கண்ணைத் திறந்தபோது என் மடியில் சுருள் சுருளாக நூல் மலை. உம் மடியில் நாலு விரற்கடைக் கம்பளி. அக்கா அடுப்படியிலிருந்து வந்து பார்த்துவிட்டு, சிலுவை போட்டுக்கொண்டு திரும்பிப் போனாள்.

அடி விழும் என்று நினைத்தேன். நீர் பொடியை நிதானமாக உறிஞ்சிவிட்டுச் சொன்னீர்:

"இழுத்தது தப்பில்லலே மாப்ள. இழுக்காம விட்டாத்தான் தப்பு."

அதற்குப் பிறகு நான் எத்தனையோ பேரிடம் ஏச்சு வாங்கிவிட்டேன். அந்த ஒரு பேச்சை நினைத்தால் எதுவும் உறைப்பதில்லை.

மறுபடி முதலிலிருந்து. ஆனால் பேறுகாலம் நெருங்கிக்கொண்டிருந்தது, உமக்கு இருமலும் பிடித்துக்கொண்டது. வரிசை குறுகிக்கொண்டே போயிற்று. குரோஷாவில் ஒரு வரிசை குறைந்தால் குறைந்ததுதான். மறுநாள் மூச்சு கூடினாலும் அதற்கப்பால் ஊசி மாட்டக் கண்ணி இருக்காது. முடித்து விரித்துப் பார்த்தால், ஒரு பக்கம் முழு அகலம், மறுபக்கம் என் கோவணம் அளவு. இது கம்பளியா, தோணிப் பாயா, காற்று பார்த்துக் கட்டினால் பிள்ளை கொழும்புக்கே போய்விடும் என்று நான் சொன்னேன். நீர் முறைத்தீர். அக்கா சிரிக்கவில்லை. அவளுக்கு வேறு கவலை.

"தலைப்பிரசவத்துக்குப் பிள்ளைய வீட்டுக்குக் கூப்பிடணும். நீரு கம்பளிய அனுப்புதீரு. அங்கனயே கெடன்னுதான அர்த்தம்?"

நீர் அதை யோசிக்கவே இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. இத்தனை நாள் மூச்சடக்கிப் பின்னியதெல்லாம் 'வா' என்று சொல்லத்தான். சொல்ல வாய் வரவில்லை, நூல் வந்தது. அந்த நூலும் 'வராதே' என்று போய்ச் சொல்லுமென்றால் எப்படி? கம்பளியை மடித்து என்னிடம் கொடுத்து, ஒன்றும் பேசாமல் கொடுத்துவிட்டு வந்துவிடு என்றீர். வாசலில் அக்கா என் சட்டையைப் பிடித்து, பிள்ளையோடு வராவிட்டால் நீ வீட்டுக்குள் வராதே என்றாள். புருசன் பெண்டாட்டி இரண்டு பேர் பேச்சையும் கேட்கிற மச்சினன் உலகத்தில் எவனாவது உண்டா?

குன்னூரில் பல் தந்தியடிக்கச் செலின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். வழியெல்லாம் கம்பளியைப் போர்த்திக்கொண்டுதான் போனேன், அதை உம்மிடம் சொல்லவில்லை. அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து கதவைத் திறந்தாள். அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்கவில்லை. உம் மகள் அல்லவா. மேசையில் கம்பளியை விரித்துவிட்டு, எப்படிக் கூப்பிடுவது என்று யோசித்துக்கொண்டு காப்பியை ஊதினேன்.

அவள் அகலமான பக்கத்திலிருந்து விரலால் தடவிக்கொண்டே வந்தாள். சின்னப்பிள்ளையில் நீர் சவரம் செய்யும்போது பக்கத்தில் நின்று உம் மூச்சை எண்ணியவள். குறுகிய பக்கம் வந்ததும் விரல் நின்றது.

"அப்பாவுக்கு மூச்சு இம்புட்டுதான் இருக்கா, மாமா?"

நான் காப்பியை விழுங்கிவிட்டு, இருமல்தான், வேறொன்றுமில்லை என்றேன். அவள் உள்ளே போய்ப் பெட்டியை எடுத்து வைத்துவிட்டு, புருசனிடம் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டாள். நான் கூப்பிடவே இல்லை, மச்சான். அக்காவிடம் நான்தான் பேசிப் பேசிக் கரைத்தேன் என்று சொல்லி அன்று ஒரு முழு வஞ்சிரத் துண்டு வாங்கித் தின்றேன்.

அவளைக் கண்டதும் நீர் சொன்னது நினைவிருக்கிறது. "பஸ்ல கூட்டமா?" அவள், "இல்லப்பா" என்றாள். அவ்வளவுதான் உங்கள் சமாதானம். பேரனை மடியில் வைத்து ஒரு வருசம் கண்டுவிட்டுத்தான் போனீர்.

இப்போது இரண்டாவது பேறுக்கும் செலின் வந்துவிட்டாள். தலைப்பிரசவம்தான் தாய்வீட்டு முறை, இரண்டாவதற்கு யாரும் கூப்பிடவில்லை. அவளாகவே பெட்டியோடு இறங்கினாள். பெண் குழந்தை. உம்முடைய மூக்கு, பாவம்.

எனக்கு உம்மிடமிருந்து வந்த சொத்து இந்தக் கை ஒன்றுதான். கயிறோ நூலோ எதுவானாலும் ஒரு வெட்டு வெட்டினால் போதும், என்னைக் கேட்காமல் இழுத்துவிடும். போன ஞாயிறு ஞானஸ்நானம். பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்றினதும் மணியை விடாமல் கலகலவென்று அடிக்க வேண்டும் என்று சொல்லி, வழக்கமாக மணியடிக்கிற கோயில்பிள்ளை கயிற்றை என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனார். சாமியார் ஜெபம் நீண்டது. மேலே கடல்காற்றில் மணி அசைந்து, கயிறு கீழே ஒரு வெட்டு வெட்டியது. நான் காலை ஊன்றி, வள்ளத்தில் தூக்குகிறாற்போல, கைமாற்றிக் கைமாற்றி மெதுவாக இழுத்தேன். மணி ஒவ்வொன்றாக, விட்டு விட்டு அடித்தது. நம் ஊரில் அப்படி அடித்தால் சாவு.

கொஞ்ச நேரத்தில் பாதித் தெரு கோயில் வாசலில் நின்றது. இரண்டு பேர் மாலையோடு வந்திருந்தார்கள். யார் போனது என்று கேட்டார்கள். யாரும் போகவில்லை என்றேன். வந்தவர்களை அனுப்பிவிட முடியாது என்று அக்கா எல்லாருக்கும் காப்பி போட்டாள். சீனி போதவில்லை.