பாய்லர் சுவரில் ஒரு காலி இடம்

சின்னி,

இன்று காலை ஹாஸ்டல் பின்கட்டில் பாய்லரைப் பற்றவைத்தேன். புகையும் ஊறவைத்த சீயக்காயும் கலந்து ஒரு வாசனை வருமே, அது வந்ததும் உனக்கும் ஒரு பலகையை இழுத்துப் போட்டுவிட்டேன். நீ கண்ணை மூடி மூன்று மாதமாகிறது. என் கைக்கு இன்னும் அது தெரியவில்லை.

நீலசந்திராவில் நம் ஒற்றை அறையிலிருந்து இருவரும் விடியுமுன் நடந்து வருவோம், இந்தப் பெண்கள் காலேஜ் ஹாஸ்டலில் ஆயா வேலைக்கு. எண்ணெய்க் குளியல் வெள்ளிக்கிழமையல்லவா என்று நான் கேட்டால், "காலேஜ் பிள்ளைங்களுக்கு வெள்ளிக்கிழமை ஞாயித்துக்கிழமைதான்டி வரும்" என்பாய். மைசூர், மதுரை, பெஜவாடா என்று ஆளுக்கொரு ஊர். சாப்பிடும்போதுகூடத் தனித்தனிக் கும்பலாக உட்காருகிறவர்கள், ஞாயிறன்று எண்ணெய் தேய்த்துக்கொள்ள உன் முன்னால் ஒரே வரிசையில் உட்காருவார்கள். யார் தலையில் உன் கை இருக்கிறதோ, அவள் தன் வீட்டுக் கதை ஒன்று சொல்லியாக வேண்டும். "கதை இல்லேன்னா எண்ணெய் இல்ல." தலை ஊறும்வரை மற்றவர்களும் எழுந்து ஓட முடியாது. தமிழ், கன்னடம், உருது எல்லாவற்றிலும் நீயே மாற்றி மாற்றிச் சொல்வாய். எப்படித்தான் உன் நாக்கு புரண்டதோ!

சுதந்திரம் வந்த மறு வருஷம் மோகினி வந்தாள். ஊர் பாகிஸ்தானோடு போய்விட்டதால் சிந்துப் பக்கத்திலிருந்து ஓடிவந்த குடும்பம். மெஸ்ஸில் போடும் சப்பாத்தியில் பாதியை ஒளித்துத் தன் டிரங்குப் பெட்டியில் வைப்பாள். அறையெங்கும் எறும்பு. கூட இருந்த மைசூர்ப் பெண் லலிதா அவளுக்கு 'ரொட்டிப் பெட்டி' என்று பெயர் வைத்தாள். எல்லோருமாக வார்டனிடம் போனார்கள். திங்கட்கிழமை மாமாவை வரவழைத்து அனுப்பிவிடுவது என்று முடிவாயிற்று. போனால் அவள் படிப்பு அவ்வளவுதான்.

முந்தின நாள் ஞாயிறு. மோகினியை இழுத்து உட்காரவைத்தாய்.

"அவ என்னத்தச் சொல்லுவா ஆயா? எறும்புக் கதையா?" என்றாள் லலிதா.

"தலை ஊறுதில்ல, வாயையும் கொஞ்சம் ஊறப்போடு பாப்பா."

மோகினி பாய்லர் அடியிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்துச் சுவரில் வரைந்தாள். மாடி வீடு. முற்றம். அடுப்பின் மேல் கல், கல்லில் ஒரு ரொட்டி. அதைத் தொட்டுக் காட்டி மெதுவாக உருதுவில் ஏதோ சொன்னாள். நீ அவள் தலையிலிருந்து கையை எடுக்காமலே எங்களுக்குச் சொன்னாய்: "கல்லுல வெந்த ரொட்டியக்கூட எடுக்கலையாம். அப்படியே ஓடினாங்களாம். தம்பி வழியெல்லாம் ரொட்டி ரொட்டின்னு கேட்டானாம்."

"அப்புறம்?" என்றாள் லலிதா.

"அப்புறம் இல்ல பாப்பா."

லலிதா எண்ணெய் வழிய எழுந்து உள்ளே போனாள். கோபமோ என்று நினைத்தேன். தன் பிஸ்கட் டின்னைக் காலி செய்து கொண்டுவந்து மோகினியின் மடியில் வைத்தாள். "இதுல வச்சுக்கோன்னு சொல்லுங்க ஆயா. எறும்பு ஏறாது." அந்தத் தலையோடேயே வார்டன் அறைக்கும் போனாள். மறுநாள் மாமா வந்தார், தனியாகத்தான் திரும்பினார்.

அடுத்த ஞாயிறு மோகினியின் வீட்டை ஒட்டித் தன் வீட்டை வரைந்தாள் லலிதா. பிறகு வந்த பெண்களும் அப்படியே. வெள்ளையடிக்கிறவர்கள் வந்தால், "அது புகைச் சுவருப்பா, அடிச்சாலும் நிக்காது" என்று திருப்பி அனுப்பிவிடுவாய். இந்த வருஷம் நான் அதைச் சொன்னேன். கதையும் நான்தான் கேட்கிறேன். உன்னைப்போல் கேட்க வரவில்லை, ஆனாலும் பிள்ளைகள் சொல்கிறார்கள்.

சுவரின் கீழ்மூலையில் கையகல இடம் காலியாக இருக்கிறது. யாரையும் அதில் வரையவிடமாட்டாய். "அது என்னுது. ஒருநாள் போடுவேன்" என்பாய். இன்று கரியை வாரும்போது அங்கே பார்த்துக்கொண்டே இருந்தேன். நாம் இருந்த நீலசந்திரா ஒற்றை அறையா, அதற்கு முன்னால் நீ வாய் திறந்து சொல்லாத வேறொரு வீடா, எதை வரைவதாக இருந்தாய் சின்னி?