வெளியிலிருந்து மட்டும் திறக்கும் கதவு

ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தங்கை எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நீயும் நலமாக இருந்து, வேலைக்கு நடுவில் வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறேன். இந்த வரி அம்மா எழுதச் சொன்னது. இனி வருவதெல்லாம் என்னுடையது.

துடுப்பரசி கதைகளின் ஏழாம் பாகம் இன்னும் வரவில்லை. நீ வீட்டைவிட்டுக் கிளம்பியபோது நான் ஆறாம் வகுப்பில் இருந்தேன், இப்போது ஒன்பதில் இருக்கிறேன். துடுப்பரசி மட்டும் ஆறாம் பாகத்தின் கடைசிப் பக்கத்தில் படகை மூடுபனிக்குள் விட்டபடியே இருக்கிறாள். அதனால் நூலகத்து வாசகர் வட்டத்தில் ஊகங்களுக்குப் பஞ்சமில்லை. நேற்று நில அளவையர் மாமா புத்தகத்திலிருக்கும் வரைபடத்தைப் பெரிதாக்கி, அளவுகோல் வைத்து அளந்துகொண்டு வந்தார். மலையரசனின் தூதுவன் இரண்டு நாளில் துறைமுகம் போயிருக்கவே முடியாதாம், ஆகவே நான்காம் பாகத்தில் வரும் கடிதம் போலியாம். மருந்துக்கடை அண்ணன், "அது மந்திரக் குதிரை மாமா" என்றார். "மந்திரக் குதிரைக்கும் தண்ணி காட்டணும்ப்பா. வழியில ஒரு குளம் காட்டு, ஒத்துக்கறேன்" என்று மாமா வரைபடத்தை அவர் பக்கம் தள்ளினார்.

வட்டத்தில் துடுப்பரசியை வைத்து நாங்களே எழுதும் கதைகளுக்கு இப்போது புதிய விதிகள் வந்திருக்கின்றன. யார் வேண்டுமானாலும் கதையைப் பெட்டியில் போடலாம். கையெழுத்து தெரிந்துவிடக் கூடாது என்று நூலகரே எல்லாவற்றையும் தட்டச்சு செய்து தருகிறார். கதை முடியும் வரை எழுதியவர் யார் என்று சொல்லக் கூடாது. விமர்சனம் செய்கிறவர்கள் மட்டும் தங்கள் பட்டப்பெயரில் எழுதி, சத்தமாகப் படிக்க வேண்டும். பிறகு அது ஒரு வாரம் வாசல் பலகையில் இருக்கும். என் பட்டப்பெயர் 'அரைப்பக்கம்'. விமர்சனம் அரைப்பக்கம் இருந்தால் போதும் என்பது விதி, நான் நான்கு பக்கத்துக்குக் குறைத்ததில்லை.

இந்த மாதம் 'எதிர் எடை' என்ற பெயரில் ஒருவர் இரண்டு அத்தியாயம் கொடுத்திருக்கிறார். பெயரைப் பார், தராசுக் கடைக்காரர் மாதிரி. படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கதாநாயகன் யார் தெரியுமா? மலையரசன். மகள் துடுப்பரசி வரைந்த கடல் வரைபடங்களை அடுப்பில் போட்டானே, அவனேதான். மகள் படகேறிப் போன பிறகு அவன் தன் கோபுரத்தில் இரண்டு மாடிகளுக்கு நடுவே ஒரு சின்னக் கல் அறையில் மாட்டிக்கொள்கிறான். கதவு வெளியிலிருந்து மட்டும்தான் திறக்கும், அதுவும் மூன்று மூலைச் சாவியால். காவலன் வெளியே நின்று, "தள்ளாதே. உள்ளிருந்து திறக்காது. பொறுமையாக உட்கார். வெளியே ஆள் இருக்கிறது" என்கிறான். அவ்வளவுதான் நடக்கிறது. பதினொரு பக்கம் முழுக்க அரசன் காலடிச் சத்தங்களை எண்ணிக்கொண்டிருக்கிறான்.

நான் விட்டேனா? தன் கோபுரத்துக்கே உள்ளே தாழ்ப்பாள் வைக்காத அரசன் முட்டாள் என்று எழுதினேன். சாவிக்கு எதற்கு மூன்று மூலை என்று கேட்டேன். இத்தனை பக்கத்தில் ஒரு முறைகூட அவன் மன்னிப்புக் கேட்கவில்லை என்றேன். மூன்றாம் அத்தியாயத்தில் அவனைச் சாகடித்துவிட்டால்தான் துடுப்பரசிக்கு விடுதலை என்றும், கடைசியாக, 'இந்த ஆசிரியருக்கு ஒரு மகள் இருந்தால் இப்படி எழுதியிருக்க மாட்டார்' என்றும் முடித்தேன். எல்லோரும் கை தட்டினார்கள். அரசன் சாகலாமா என்று வாக்கெடுத்தபோது ஆறு பேரில் ஐந்து பேர் கை தூக்கினோம். மாமா மட்டும் தூக்கவில்லை. "செத்தா கதை முடிஞ்சிரும்மா. அந்த ஆள் இன்னும் வாயே திறக்கலையே" என்றார். எனக்குக் கொஞ்சம் கோபம்தான்.

அப்பா எப்போதும் போலத்தான். இப்போது ஐந்து கட்டடங்களின் லிஃப்ட் அவர் பொறுப்பில் இருக்கிறது. சனிக்கிழமைகளில் என்னை வண்டியில் கொண்டுவந்து விட்டு, நான் வரும்வரை நூலக வாசலில் நிற்கிறார். உள்ளே வாங்க என்றால், "கதை பேசற எடத்துல எனக்கென்ன வேலை" என்கிறார்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
தங்கை


வியாழக்கிழமை

அன்புள்ள அக்காவுக்கு,

போன கடிதம் கிடைத்திருந்தால் கிழித்துப் போட்டுவிடு. வேண்டாம், கிழிக்காதே. நான் என்ன செய்தேன் என்பதற்கு அதுதான் சாட்சி.

நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன். நேற்றிலிருந்து எனக்கு எதுவும் வரிசையாக வரவில்லை. நேற்றுப் பள்ளி பாதி நாள்தான். அப்பா மதியச் சாப்பாட்டை மறந்துவிட்டுப் போயிருந்தார். கொண்டுபோய்க் கொடு என்று அம்மா அனுப்பினாள். பல் மருத்துவர், கணக்காளர் அலுவலகமெல்லாம் இருக்கும் ஒன்பது மாடிக் கட்டடம் அது. கீழே காவலாளி, "லிஃப்ட் நின்னுபோச்சு பாப்பா, உள்ள ஒரு அம்மா மாட்டிக்கிட்டாங்க. உங்கப்பா மூணாவது மாடியில இருக்கார், படியில போ" என்றார்.

மூன்றாவது மாடியில் அப்பா தரையில் மண்டியிட்டு, லிஃப்ட் கதவின் இடுக்கில் வாயை வைத்துப் பேசிக்கொண்டிருந்தார். உள்ளே யாரோ கதவைக் குத்தும் சத்தம். அப்பா சொன்னது இதுதான் அக்கா, ஒரு சொல்லும் மாற்றாமல் எழுதுகிறேன்: "தள்ளாதீங்கம்மா. உள்ள இருந்து தெறக்காது. பொறுமையா உக்காருங்க. வெளிய ஆள் இருக்கு."

சாப்பாட்டுப் பையை மார்போடு பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். தற்செயல் என்று நினைக்கத்தான் பார்த்தேன். ஊகம் செய்வதில் எனக்கு எவ்வளவு பழக்கம், ஒரு ஊகம்கூட உதவிக்கு வரவில்லை.

அப்பா என்னைப் பார்த்ததும், "வந்தியா, நல்லதாப் போச்சு. நான் மேல போய் லிஃப்ட் பெட்டிய எறக்கணும். நீ இங்கயே நின்னு அவங்ககிட்டப் பேசிக்கிட்டு இரு. என்ன வேணா பேசு, நிறுத்தாத" என்று சொல்லிவிட்டுப் படியில் ஏறிப் போனார். உள்ளேயிருந்து அந்த அம்மா, "யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டார். "இருக்கேங்க" என்றேன். ஒரு நிமிடத்துக்கு ஒரு முறை கேட்டார். "போயிட மாட்டியே?" "மாட்டேங்க." பேச எதுவும் தோன்றாமல் துடுப்பரசியின் முதல் பாகத்தைச் சொல்லத் தொடங்கினேன். மகள் படகேறும் இடம் வந்ததும், "அவங்கப்பா தடுக்கலையா?" என்று அந்த அம்மா கேட்டார். கதையை அங்கேயே விட்டுவிட்டு, அப்பா ஏறிப் போன படியைத் திரும்பிப் பார்த்தேன். "இருக்கியாம்மா?" என்று மறுபடி கதவைத் தட்டினார்.

பெட்டி மெல்லக் கீழே இறங்கும் சத்தம் கேட்டது. அப்பா ஓடி வந்து, கழுத்துக் கயிற்றில் தொங்கிய சாவியைக் கதவின் மேல் ஓட்டையில் விட்டுத் திருப்பினார். அந்தச் சாவியைச் சிறு வயதிலிருந்தே பார்த்திருக்கிறேன். அதன் நுனியை நேற்றுத்தான் பார்த்தேன். அதற்கு மூன்று மூலை.

அந்த அம்மா வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அப்பா கட்டடத்துச் செயலாளரிடம் பேசிக்கொண்டிருந்தார். நான் சாப்பாட்டை வைக்க மொட்டை மாடியிலிருக்கும் இயந்திர அறைக்குப் போனேன். பெரிய சக்கரம், அதன் மேல் எண்ணெய் மினுக்கும் கம்பிக் கயிறுகள். மூலையில் ஒரு மர அலமாரி, அதில் திருப்புளிகளுக்குப் பக்கத்தில் ஒரு துணிப் பொதி. பிரித்திருக்கக் கூடாது. பிரித்தேன். துடுப்பரசி ஆறு பாகமும் இருந்தன, நம் வீட்டுப் புத்தகங்கள்தான், நீ உறை போட்டவை. உன் அறையில் அவை இருந்த பெட்டியை நான் திறந்து எவ்வளவு நாளாகிறது என்று அப்போதுதான் நினைத்தேன். ஒவ்வொன்றிலும் அடையாளத்துக்குப் பராமரிப்புச் சீட்டுத் துண்டுகள். மலையரசன் வரும் பக்கங்களில் மட்டும் விரல் ரேகையாக எண்ணெய்க் கறை.

அவற்றுக்கு அடியில் உன் நோட்டு இருந்தது அக்கா.

உன் தேர்வுக்கு முந்தைய வாரம் அப்பா பழைய பேப்பர்க்காரரிடம் போட்டாரே, நீ கதை எழுதிவைத்திருந்த அதே நோட்டு. வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை, நீயும் எழுதுவதில்லை, அதனால் நானும் எழுதக் கூடாது என்று வைத்திருந்தேன். இன்று முடியவில்லை. பின் அட்டை இல்லை. நடுவில் நிறையப் பக்கங்கள் இல்லை. இருக்கும் பக்கங்கள் நூல் போட்டுத் தைக்கப்பட்டிருக்கின்றன.

நோட்டுக்குள் நான்காக மடித்த ஒரு காகிதம். வாசல் பலகையிலிருந்து எடுத்த என் விமர்சனம். பராமரிப்புச் சீட்டில் ஒவ்வொரு பாகத்தையும் சோதித்து எழுதுவாரே, அதே மாதிரி ஓரத்தில் பென்சிலால் குறித்திருக்கிறார். காலடிகளை எண்ணுவது சலிப்பு என்றதற்குப் பக்கத்தில் 'சரி'. மன்னிப்புக் கேட்கவே இல்லை என்றதற்கும் 'சரி'. கதவைப் பற்றி எழுதிய இடத்தில் மட்டும், 'இல்லை. இப்படித்தான் இருக்கும்.' கடைசி வரி, ஆசிரியருக்கு மகள் இருந்தால் என்று நான் எழுதியது, அதன் பக்கத்தில் 'ரெண்டு பேர்' என்று எழுதியிருக்கிறார்.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அப்பா வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "பாவாடையில எண்ணெ படும், தள்ளி உக்காரு" என்றார். கையைத் துடைத்துக்கொண்டு சாப்பாட்டைத் திறந்தார், சாப்பிடவில்லை. ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "பேரு தெரியக் கூடாதுன்னு சட்டம் போட்டிருக்கீங்கல்ல" என்றார். நோட்டைக் காட்டினேன். மறுநாளே கடைக்குப் போய் மூட்டைகளைப் பிரித்துத் தேடினாராம். "இவ்வளவுதான் கெடச்சுது. பாதி நோட்ட எப்படிக் குடுக்கிறது? மீதியையும் தேடிட்டுக் குடுக்கலாம்னு இருந்தேன். அதுக்குள்ள அவ கெளம்பிட்டா."

பிறகு அவராகவே, சக்கரத்தின் மறுபக்கம் இறங்கும் கயிற்றைக் காட்டிச் சொன்னார். "அந்த முனையில தொங்குதே, அதுதான் எதிர் எடை. பெட்டி மேல போனா அது கீழ போகும். பெட்டில இருக்கிறவங்க யாரும் அதப் பாத்ததில்ல. ஆனா ரெண்டும் ஒரே கயிறு." தராசுக் கடைக்காரர் என்று உனக்கு எழுதினேனே, அதை எப்படித் திரும்ப வாங்குவது?

மூன்றாம் அத்தியாயத்தில் அரசன் மன்னிப்புக் கேட்பானா என்று கேட்டேன். "கேட்டா யாருக்குக் கேக்கும்? வெளிய ஆள் இருக்கணும்ல" என்றார். அப்புறம், "நீங்கதான் ஓட்டுப் போட்டுட்டீங்களே. சாகடிச்சு ரெண்டு தடவ எழுதிப் பாத்தேன். வரல. நிறுத்திடறேன்னு நூலகர்கிட்டச் சொல்லிட்டேன்" என்றார். யார் மேலும் கோபமில்லாமல், பழுதான பாகத்தைக் கழற்றி வைப்பது போலச் சொன்னார்.

இன்று பள்ளி விட்டதும் நூலகரிடம் ஓடினேன். ஒரு விதி இருக்கிறது. நிறுத்திய கதையைத் தொடரச் சொல்லி வட்டத்து உறுப்பினர்கள் இரண்டு பேர் எழுதிக் கேட்டால், எழுதியவர் ஒரு அத்தியாயமாவது கொடுத்தாக வேண்டும். ஆனால் சாகடிக்கக் கை தூக்கியவர்கள் கேட்க முடியாது. நான் கெஞ்சினேன். "ஒனக்காக மாத்தினா அப்புறம் எதுக்கும்மா விதி?" என்றார். மாமா உடனே எழுதிக் கொடுத்துவிட்டார், யாருடைய கதை என்று அவரிடம் நான் சொல்லவில்லை. இன்னும் ஒருவர் வேண்டும். நூலகர் பதிவேட்டைத் திறந்து என் பக்கம் திருப்பினார். வருகிறவர்கள் ஆறு பேர், பதிவேட்டில் ஏழு பேர். ஏழாவது பெயர் 'நங்கூரம்'. உன் பட்டப்பெயர், உன் கையெழுத்து. "அவ பேர நான் அடிக்கவே இல்ல" என்றார்.

இரண்டு அத்தியாயங்களையும் இத்துடன் வைத்திருக்கிறேன். உனக்குப் பிடிக்க வேண்டும் என்றில்லை. கதையில் குறைகள் இருக்கின்றன, என் நான்கு பக்கத்தையும் நீ எட்டுப் பக்கமாக்கலாம். மலையரசனை மன்னிக்கச் சொல்லியும் நான் கேட்கவில்லை, எனக்கே அது இன்னும் முடியவில்லை. 'மூன்றாம் அத்தியாயம் வேண்டும்' என்று ஒரே ஒரு வரி எழுதி, நங்கூரம் என்று கையெழுத்திட்டு நூலக முகவரிக்கு அனுப்பு. வரும் சனிக்கு அடுத்த சனிக்குள் வந்துவிட வேண்டும். நான் உன்னிடம் கேட்டது அப்பாவுக்குத் தெரியாது. அன்றைக்கும் அவர் வாசலில்தான் நின்றுகொண்டிருப்பார்.

வேளைக்குச் சாப்பிடு. உடம்பைப் பார்த்துக்கொள். இந்த முறை இதை அம்மா சொல்லவில்லை, நானேதான் எழுதுகிறேன்.

நாங்கள் உள்ளிருந்து தள்ளவில்லை அக்கா. பொறுமையாக உட்கார்ந்திருக்கிறோம்.

இப்படிக்கு,
உன் அரைப்பக்கம்