முந்நூறு பேரில் என் பிள்ளை

ஸிப் மாதம், வளர்பிறை மூன்று

மழைநீர்த் தொட்டியைக் கழுவ ஆள் வைத்தேன். அரைகுறையாகக் கழுவிவிட்டு முழுக்கூலி கேட்கிறான். அவனோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தபோது என் கணவர் அபிபால் சபையிலிருந்து வந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

பக்கத்து நுமிடிய ராஜா நம் கார்த்தேஜின் நிலத்தைப் பிடுங்கினான், நாம் திருப்பி அடித்தோம். தன்னைக் கேட்காமல் எப்படிக் கை ஓங்கலாம் என்கிறது ரோம். சமாதானம் வேண்டுமென்றால் பெரிய வீட்டுப் பிள்ளைகள் முந்நூறு பேரை முப்பது நாளுக்குள் பிணையாக ஒப்படைக்க வேண்டுமாம்.

“குடுத்துடலாம்னு கை தூக்கிட்டேன்” என்றார்.

“யாரு பிள்ளையை?”

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்விட்டார். கிஸ்கோவுக்குப் பதினொரு வயது. எங்களுக்கு ஒரே பிள்ளை.

வளர்பிறை எட்டு

பட்டியலில் கிஸ்கோவின் பெயர் இருக்கிறது.

பௌர்ணமி

தானித் அம்மன் கோயிலுக்குப் போனேன். கும்பிட வாய் வரவில்லை. அந்தக் காலத்தில் பெரிய வீட்டுக்காரர்கள் விலைக்கு வாங்கிய பிள்ளையைத் தங்கள் பிள்ளை என்று சொல்லித் தெய்வத்துக்கே பலி கொடுத்தார்கள் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. தெய்வத்தையே ஏமாற்றலாம் என்றால் ரோமானியன் எம்மாத்திரம்?

பிரிக்தாவின் பையன் மசூல். கிஸ்கோவுக்குப் பால் கொடுக்க வாங்கிய லிபிய அடிமை அவள். இரண்டு பேரும் அவளிடம் குடித்து வளர்ந்தவர்கள்தான். ஒரே வயது, ஒரே உயரம். கிஸ்கோவைத் தெருவில் விட்டதே இல்லை, அவன் முகம் வெளியாட்களுக்குத் தெரியாது.

அவளைக் கூப்பிட்டுச் சொன்னேன். “கொஞ்ச நாள்தான் பிரிக்தா. ராஜா வீட்டுப் பிள்ளை மாதிரி வெச்சிருப்பாங்க.”

“அப்படின்னா உங்க பிள்ளையையே அனுப்பலாமேம்மா” என்றாள். குரலை உயர்த்தக்கூட இல்லை.

கன்னத்தில் அறைந்துவிட்டேன். பதில் இல்லாதவளுக்குக் கைதான் நீளும்.

தேய்பிறை ஆறு

இன்று கப்பல் கிளம்பியது.

துறைமுகத்தில் தாய்மார் போட்ட கூச்சலை எப்படி எழுதுவது? நங்கூரக் கயிற்றைப் பிடித்துத் தொங்கினார்கள். ஒருத்தி தண்ணீரில் குதித்து நீந்திப் போய்த் துடுப்பைப் பிடித்துக்கொண்டாள். மசூல் கிஸ்கோவின் ஊதாக்கரைச் சட்டையில் நின்றான். நான் அழ வேண்டும். ஊரே பார்க்கிறதே! அழுகை வரவில்லை. மார்பில் அடித்துக்கொண்டு “கிஸ்கோ, கிஸ்கோ” என்று கத்தினேன்.

பிரிக்தா எனக்குப் பின்னால் பலகாரக் கூடையோடு நின்றாள். அவள் அழக் கூடாது. வேலைக்காரி அழுதால் கேள்வி வரும். அந்தப் பையனும் என்னைப் பார்த்தே “போயிட்டு வரேம்மா” என்றான். கண் மட்டும் கூடைப் பக்கம் போனது.

“நீ மகராசி அரிஷத், ஒரே பிள்ளையை ஊருக்காகக் குடுத்துட்டியே” என்று பக்கத்து வீட்டுக்காரி கட்டிக்கொண்டாள்.

சீ. நானா இது?

ஹியார் மாதம், வளர்பிறை இரண்டு

கிஸ்கோ இனி மசூல். பின்கட்டில் பிரிக்தாவோடு படுக்கிறான். தெருவில் அவளை அம்மா என்று கூப்பிடச் சொல்லியிருக்கிறேன். வேலைக்காரப் பிள்ளை மாதிரி குனிந்து நடக்க நான்தான் பழக்கினேன். சீக்கிரம் கற்றுக்கொண்டான்.

வளர்பிறை பதினொன்று

சிசிலியிலிருந்து வந்த மாலுமி சொன்னான்: பிள்ளைகளை ரோமுக்கே கொண்டுபோய்விட்டார்கள். சாப்பாடு, படுக்கை எல்லாம் ஒழுங்காம். பிரிக்தா அவனை மூன்று முறை சொல்லச் சொன்னாள்.

தேய்பிறை நான்கு

ரோமானியப் படை பக்கத்து யுத்திக்கா துறைமுகத்தில் இறங்கிவிட்டது. இப்போது ஆயுதங்களையும் கேட்கிறார்கள். வாள், கேடயம், கல்லெறியும் பொறி எதுவும் ஊரில் மிஞ்சக் கூடாதாம். காலையிலிருந்து வண்டிகள் போய்க்கொண்டே இருக்கின்றன.

“பிள்ளையைக் கொடுத்தவனுக்கு இரும்பு ஒரு பெரிசா?” என்று அபிபால் சபையில் பேசினாராம். பலர் கண்ணீர் விட்டார்களாம். பிள்ளையைக் கொடுத்தவர்! சோறு போடும்போது கை கூசியது. ஆனால் போட்டேன்.

கரார் மாதம், வளர்பிறை ஐந்து

அபிபாலைக் கொன்றுவிட்டார்கள்.

வளர்பிறை ஏழு

முந்தாநாள் நம் தூதர்கள் திரும்பி வந்தார்கள். ஆயுதமெல்லாம் கைக்கு வந்த பிறகு ரோம் கடைசி வார்த்தையைச் சொல்லியிருக்கிறது: ஊரைக் காலி பண்ணுங்கள், கடலை விட்டு உள்ளே தள்ளிப்போய்க் குடியேறுங்கள், கார்த்தேஜை இடிக்கப் போகிறோம். ஜனங்களுக்கு வெறி பிடித்துவிட்டது. பிள்ளைகளையும் ஆயுதங்களையும் கொடுக்கச் சொன்னவர்களைத் தேடித் தேடிக் கல்லால் அடித்தார்கள். அவரைச் சபை வாசலிலேயே. அடித்தவர்களில் எங்கள் ரொட்டிக்காரனும் இருந்தான் — தினமும் அவருக்கு வணக்கம் சொல்கிறவன் — அவர் என்ன செய்தார் அவனுக்கு?

சண்டை என்று முடிவாகிவிட்டது. அடிமைகளையெல்லாம் விடுதலை செய்துவிட்டார்கள்.

பௌர்ணமி

விடுதலையான லிபியர்கள் மேற்கு வாசல் வழியாக அவரவர் ஊருக்குப் போகலாம், அமாவாசை வரை. நகரத்தார் போகக் கூடாது. என் முகம் ஊருக்கே தெரியும். ஆனால் கிஸ்கோ? அவன் மசூல்தானே! பெரிய வீட்டுப் பிள்ளைகளைக் கடத்துகிறார்கள் என்ற சந்தேகத்தில், தாய் நேரில் நின்றால்தான் பையனை வெளியே விடுகிறார்கள். பிரிக்தா அவன் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தால் போதும்.

அவள் காலில் விழுந்தேன். என் வளையல், காதணி எல்லாவற்றையும் முன்னால் வைத்தேன்.

“எழுந்திரிங்கம்மா. இவன் மேல எனக்கு என்ன கோபம்? நான் பால் குடுத்த பிள்ளை.”

“அப்ப கூட்டிட்டுப் போடி!”

“நான் எங்க போறது? என் மகன் என்னிக்கு வந்தாலும் இந்தத் துறைக்குத்தானே வருவான். அவன் வந்து எறங்குறப்ப நான் இல்லன்னா, அம்மா நம்மள வித்துட்டுப் போயிட்டான்னு நெனச்சுக்க மாட்டானா?”

என்னைத் திட்டியிருக்கலாம், பழிவாங்கியிருக்கலாம். அதற்கு ஒரு வழி தேடியிருப்பேன். இதற்கு என்ன சொல்ல?

தேய்பிறை ஐந்து

மறுபடியும் கேட்டேன். முடியாதென்று தலையை ஆட்டினாள்.

தேய்பிறை பன்னிரண்டு

கிஸ்கோவைத் தனியாக வாசலுக்கு அனுப்பிப் பார்த்தேன். “ஒன் ஆத்தா எங்கடா?” என்று காவலாளி திருப்பி அனுப்பிவிட்டான்.

அமாவாசை

மேற்கு வாசலைக் கல் வைத்து அடைத்துவிட்டார்கள். கிஸ்கோவும் கல் சுமந்தான். உள்ளங்கை இரண்டும் கிழிந்து வந்தான். பிரிக்தா அவன் கையை மடியில் வைத்து எண்ணெய் தடவினாள்.

“எரியுதாடா?”

“இல்லம்மா.”

வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான். யாருக்காகவும் நடிக்க வேண்டியதில்லை.

ரோமில் மசூல் பிழைத்துக்கொள்வான். என் பிள்ளையை நான்தான் இந்தச் சுவருக்குள் பிடித்து வைத்தேன். பிரிக்தா நிமிர்ந்து பார்க்காமலே கையை நீட்டினாள். எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக் கொடுத்தேன்.