விரதகாரர் கேட்ட தாராக்கள்

ஐப்பசி, சனிக்கிழமை. கந்தசட்டி மூன்றாம் நாள்.

திங்கட்கிழமை பட்டணத்து வாடகை வீட்டுக்குப் போகிறோம். அங்கே சீமெந்து முற்றம்தான், எங்கள் தாரா வாத்துகளை வளர்க்க முடியாது. தொண்டைமானாற்றில் விட்டுவிடச் சொன்னார் அப்பா. தவிடு தின்று முற்றத்தில் வளர்ந்த சோடி. விட்டால் அன்றைக்கே நாய் பிடித்துவிடும்.

இன்று அம்மா, தாராக்களைக் கேட்ட ஒருவரைச் சாக்கோடு கூட்டி வந்தார். நெற்றி நிறையத் திருநீறு, கந்தசட்டி விரதம் வேறு. இப்படிப்பட்டவர் வளர்க்கத்தான் கேட்கிறார் என்று நானும் நம்பினேன். அவர் ஆண் தாராவைத் தூக்கி நெஞ்சை அமத்திப் பார்த்தார்.

“முட்டை இடுறது மற்றது,” என்றேன்.

“முட்டை ஆருக்கு? பயப்பிடாதை பிள்ளை. கந்தசட்டி முடிஞ்சு பாறணை பண்ணி விரதம் முறிக்குமட்டும் எங்கடை வீட்டிலை கத்தி எடுக்கமாட்டம்,” என்று சிரித்தார்.

அவர் கையிலிருந்த சாக்கை வாங்கிக்கொண்டேன். “வேண்டாம் அண்ணை. தரமாட்டன்.”

அவர் போன பிறகு அம்மா, “வீட்டுக்கு வந்த ஆக்களுக்கு முகம் காட்டாத பிள்ளைக்கு இண்டைக்கு எங்கையிருந்து வாய் வந்தது? இனி நீயே ஆள் பார்,” என்றார்.

எனக்குப் படிப்பித்த குளத்தடி ரீச்சர் வீட்டில் நான்கு தாராக்கள் நிற்கின்றன. பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு நான் அவர் முன்னால் போனதே இல்லை. நாளைக் காலை போகவேண்டும். கேட்கவேண்டியதை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

சோடியைப் பிரிக்காமல் வைத்திருப்பீர்களா?

சமைக்கமாட்டீர்கள்தானே?

இரண்டாவதை முதலில் கேட்கவேண்டும்.