குலவிளக்குக்கு ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம்

லேமினேட்டிங் மெஷின் சூடேறும் வாசனை இன்றைக்கு என்னை உட்காரவிடவில்லை. உள்ளே போய்க்கொண்டிருப்பது உன் படம். ஓராண்டு நினைவு அட்டை. அடிப்பாவி, நாம் இருவரும் சேர்ந்து இதற்குள் எத்தனை பேரை அனுப்பியிருப்போம்!

கிள்ளானில் இந்த அச்சகத்தில் பதினோரு வருடம் நீ கவிதை எழுதினாய், நான் தட்டச்சு செய்தேன். இறந்தவர்களுக்கான நாலு வரி. ஆண் என்றால் உழைப்பு, நேர்மை, ஊர் போற்றிய பேர் என்று ஓடும். பெண் என்றால் குலவிளக்கு. அதை விட்டால் அன்னலட்சுமி. அதையும் விட்டால் பொறுமையின் வடிவம். "ஆம்பள செத்தா மனுஷன் போயிட்டாருன்னு எழுதுறோம். பொம்பள செத்தா வீட்டுல அடுப்பு அணைஞ்சிருச்சுன்னு எழுதுறோம். என்ன லா இது?" என்று பேனாவைத் தூக்கிப் போடுவாய்.

அம்மாவின் நினைவு அட்டைக்காக ஜெஞ்சாரோமிலிருந்து வந்த ஒருவரிடம், "அம்மாவுக்கு என்ன பிடிக்கும்?" என்று கேட்டாய்.

"மீன் கறி சூப்பரா வைப்பாங்க."

"அது உங்களுக்குப் பிடிச்சது. அவங்களுக்கு?"

"பேட்மிண்டன். டிவியில மேட்ச் இருந்தா அடுப்புப் பக்கமே போக மாட்டாங்க."

அதை எவ்வளவு அழகாக எழுதினாய்! மறுநாளே அவருடைய அத்தை அட்டைக் கட்டோடு வந்து, "செத்தவ மானத்த வாங்குறீங்களா?" என்று கத்தினார். முதலாளி சொன்னதும் நீயே உட்கார்ந்து குலவிளக்கு எழுதிக் கொடுத்தாய்.

உன் ஞாயிறுகள் எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன். வீட்டில் ஓவர்டைம் என்று சொல்லிவிட்டு கொமுட்டர் ரயில் ஏறி கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் போவாய். புடவைக் கடைகளில் ஒன்றும் வாங்காமல் சுற்றுவாய். அப்புறம் ஒரு சாப்பாட்டுக் கடையில் வாழை இலை முன்னால் தனியாக உட்கார்ந்து ரசத்தை இரண்டு தடவை கேட்டு வாங்கிக் குடிப்பாய். "யாரோ எனக்குப் பரிமாறுறாங்கடி!" அவ்வளவுதான் உன் கள்ளத்தனம். இதற்குப் போய், வீட்டுக்காரருக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று வாரம் முழுக்கப் பயப்படுவாய்.

நீ திடீரென்று போனபோது கருமக்கிரியை அட்டைக்கு உன் வீட்டுக்காரர்தான் வந்தார். "ஞாயித்துக்கிழமைகூட வேல வேலன்னு ஓடுனவம்மா. அதையும் சேர்த்து எழுதுங்க" என்றார். எனக்குத் தெரிந்த உண்மையை எழுதினால் உன்னைக் காட்டிக்கொடுத்ததாகிவிடும். 'ஓய்வறியாக் குலவிளக்கே' என்று தட்டினேன். உன்னை நானே அடுப்படிக்குத் திருப்பி அனுப்பிவிட்டேனே என்று ஒரு வருடமாக மனசு அறுத்துக்கொண்டிருந்தது.

போன வாரம் மறுபடி வந்தார். "போன வருஷம் போட்டதையே போடட்டுமா அண்ணே?" என்றேன். தலையாட்டினார். ஆனால் கிளம்பவில்லை.

"அந்த ஓய்வறியாவ மட்டும் எடுத்துருங்கம்மா. நாலு வருஷத்துக்கு முன்ன பிரிக்பீல்ட்ஸ்ல சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கம் போயிருந்தேன். ஒரு கடையில தனியா உக்காந்து சாப்பிட்டுக்கிட்டு இருந்தா. கண்ண மூடிக்கிட்டு ரசம் குடிச்சா. வீட்டுல அவ அப்படிச் சாப்பிட்டு நான் பாத்ததே இல்ல."

"கூப்பிடலையா?"

"கூப்பிட்டா எந்திரிச்சிருவாளே."

ஒரு தடவையாவது வீட்டில் நீங்களே பரிமாறியிருக்கலாமே அண்ணே என்று வாய்வரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்து முழுங்கிக்கொண்டேன். பிறகு குலவிளக்கையே எடுத்துவிட்டு இரண்டு வரி எழுதிக் காட்டினேன்:

இலை விரித்தாயிற்று, உட்கார்.
இன்று நாங்கள் பரிமாறுகிறோம்.

சொந்தக்காரர்கள் கத்தினால் கத்தட்டும் என்றார்.

உன் அளவுக்கு எனக்கு எழுத வராது, தெரியும். நீ இருந்தால் இரண்டாவது வரியை அடித்துத் திருத்தியிருப்பாய். அதெல்லாம் இருக்கட்டும். அவருக்குத் தெரியும்டி. நாலு வருடமாகத் தெரியும். அதற்கப்புறம் நீ பயந்த அத்தனை ஞாயிற்றுக்கிழமையும் அவர் தெரிந்துகொண்டேதான் உன்னை வழியனுப்பியிருக்கிறார். இந்த ஒரு சேதியை வைத்துக்கொண்டு தவிக்கிறேன். இதைச் சொல்ல எனக்கு இருந்த ஒரே ஆள் நீதான்.