குரூப்பில் போன சாவி

ஆகஸ்ட் 4, திங்கள்

சோதனை சர்வர் இன்றும் முரண்டு பிடித்தது. அச்சகங்களுக்காக நாங்கள் எழுதும் காலண்டர் ஆர்டர் மென்பொருளில் யார் எதை மாற்றினாலும், இந்த சர்வர் அதை மெயின் சர்வரிலிருந்து தானாகவே எடுத்துச் சரிபார்க்க வேண்டும். பாஸ்வேர்ட் தட்ட ஆள் இருக்காது. அதனால்தான் பாஸ்வேர்டுக்குப் பதிலாக எஸ்எஸ்ஹெச் சாவி, ஜோடியாக இரண்டு ஃபைல்: பொதுச் சாவி மெயின் சர்வரில், ரகசியச் சாவி சோதனை சர்வரில். புரிகிறது, ஆனாலும் "அனுமதி இல்லை" என்றே வருகிறது. ஆறு வருடம் வீட்டில் இருந்துவிட்டு வந்தவளை மிஷின்கூட நம்பாதா? பயிற்சிக் காலம் வேறு இந்த மாதத்தோடு முடிகிறது.

மாலையில் பொறுமை போய், என் சொந்தச் சாவியையே அதில் போட்டேன். திறந்துகொண்டது! சிவகாசியிலிருந்து விருதுநகர் வரும்வரை பஸ்ஸில் சிரித்துக்கொண்டே வந்தேன்.

ஆகஸ்ட் 5

எல்லாச் சோதனையும் பச்சை காட்டிப் பாஸ் ஆகிவிட்டன. முதலாளி ஹரிபிரசாத் சார் கை தட்டினார்.

ஆகஸ்ட் 7, வியாழன்

எங்கள் கஸ்டமர், அச்சகம் வைத்திருக்கும் அய்யாதுரை அண்ணாச்சி, ஆபீஸும் கஸ்டமர்களும் இருக்கும் வாட்ஸ்அப் குரூப்பில் கேட்டிருக்கிறார்: "நீங்க திங்கக்கிழமை போட்ட புரூஃப் ஓப்பன் ஆகலையேம்மா, போட்டோவா அனுப்புங்க."

அது புரூஃப் இல்லை. என் ரகசியச் சாவி! என் கம்ப்யூட்டரிலிருந்து சோதனை சர்வருக்குக் கொண்டுபோக, எல்லாவற்றையும் அனுப்புவதுபோல் குரூப்பிலேயே அனுப்பியிருக்கிறேன். பதினாலு பேர் இருக்கிற குரூப். அந்தச் சாவி கஸ்டமர் சர்வர்களையும் திறக்கும். எல்லார் போனிலிருந்தும் அழிக்க வாட்ஸ்அப் தரும் நேரமும் தாண்டிவிட்டது.

யாருக்கும் தெரியாது. சொன்னால் வேலை போய்விடும்... பேசாமல் இருந்துவிடலாமா?

ஆகஸ்ட் 8, வெள்ளி

பக்கத்து சீட் பாண்டிலட்சுமியிடம் கொட்டிவிட்டேன். முன்பு நாரணாபுரத்தில் பட்டாசு கம்பெனியில் இருந்தவள். "அங்கன மருந்து சிந்துச்சுன்னா அப்பமே சொல்லிருவோம்க்கா. மறைச்சா எல்லாருக்கும்லா ஆபத்து. திட்டு வாங்குனா வாங்கிட்டுப் போறோம்."

நேரே சாரிடம் போனேன். நடந்ததை அப்படியே சொன்னேன்.

"யாரும் உள்ள வந்திருக்காகளான்னு முதல்ல பாப்பம்" என்றார். யார் எப்போது நுழைந்தார்கள் என்ற சர்வர் பதிவுகளை வரிவரியாகப் பார்த்தோம். யாரும் வரவில்லை, அல்ஹம்துலில்லாஹ். என் பழைய சாவியை எல்லா இடத்திலும் நீக்கினேன். சோதனை சர்வரிலேயே புதுச் சாவி உருவாக்கினேன். அது அங்கிருந்து நகராது; அதை வைத்துப் படிக்க மட்டும்தான் முடியும், எதையும் மாற்ற முடியாது. எல்லாம் முடிந்த பிறகுதான் திட்டினார். நன்றாகவே திட்டினார். வேலை பற்றி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 14

சார் என் மேசைக்கே வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ரெண்டு வருசமா எல்லா கஸ்டமருக்கும் நானும் ஒரே சாவிதான் வச்சிருக்கேன். மெயில்லகூட அனுப்பிருக்கேன். அன்னைக்கே உங்ககிட்ட சொல்லிருக்கணும். எல்லாத்தையும் நீங்களே மாத்திருங்க" என்றார்.

"ரெண்டு மாசம் ஆகும் சார். எனக்கு இந்த மாசத்தோட..."

"அதுக்கென்ன, நீங்க இங்கனதான இருக்கப் போறீக?"

முதல் கஸ்டமரின் சர்வரைத் திறந்தேன். சாரின் சாவியோடு சேர்த்து, உள்ளே வர அனுமதி உள்ள ஒன்பது பழைய சாவிகள். அதில் இரண்டு யாருடையவை என்று சாருக்கே தெரியவில்லை.