மழை நாள் பாட்டில்கள்

ஜூன் 3
ஓடைத் தண்ணீர் மறுபடியும் சுத்தம். வயலில் போடும் உரம் ஓடையில் கலக்காமல் இருக்கக் கரையோரம் புல் வளர்ப்பவர்களுக்கு அரசு மானியம் தருகிறது. அதனால் பலன் உண்டா என்று பார்ப்பது என் வேலை. இரண்டு வருடமாகப் பலன் இருந்துகொண்டே இருக்கிறது. எனக்குத்தான் நம்பிக்கை வரமாட்டேன் என்கிறது.

ஜூன் 11
இன்றுதான் உறைத்தது. நாங்கள் தண்ணீர் எடுத்த ஒரு நாளில்கூட மழை இல்லை. உரம் அடித்துக்கொண்டு வருவதே மழையில்தானே? டிரைவரைக் கேட்டேன்.
"மழைன்னா வண்டி சேத்துல மாட்டிக்கும் மேடம். அதான் போறதில்ல."
அவ்வளவுதான் எங்கள் விஞ்ஞானம்.

ஜூன் 19
கொட்டும் மழையில் என் ஸ்கூட்டரிலேயே போனேன். வழக்கமாகப் பாலத்தடியில் மொண்டுகொண்டு திரும்பிவிடுவோம், கரையில் நடந்ததே இல்லை. நடந்தேன். புல்லைக் காணோம். மானியம் வாங்கியவர் குடையோடு வந்தார்.
"நடச் சொன்னாங்க, நட்டோம். போட்டோ எடுத்துட்டுப் போனாங்க. அப்புறம் மாடு தின்னுடுச்சு. தின்னக் கூடாதுன்னு யாரும் சொல்லலையே?"
சிரித்துவிட்டேன். வீட்டுக்கு வந்தபிறகுதான் கோபம் வந்தது.

ஜூன் 26
அன்று மழையில் மொண்ட பாட்டில்களில், உரத்திலிருந்து வரும் நைட்ரேட், அனுமதித்ததைப்போல் நான்கு மடங்கு. கைக்குழந்தைக்கு அது விஷம். காய்ச்சினாலும் போகாது. அக்கா வீட்டுக் கிணறு அந்த ஓடையை ஒட்டித்தான். நல்லவேளை, அவளுக்குக் குழந்தை பிறந்ததிலிருந்து கேன் தண்ணீர் வாங்குகிறார்கள்.

ஜூலை 2
எங்கள் துறை இயக்குநர் சொல்கிறார்: "மழைத் தண்ணிய மொண்டுட்டு வந்து ஓடையக் குத்தம் சொல்றீங்களேம்மா."
மழை நாள் கணக்கு மொத்தமும் அறிக்கையிலிருந்து போயிற்று. என் ஒப்பந்தம் இந்த மாதம் முடிகிறது என்பதையும் ஞாபகப்படுத்தினார். ரொம்பத்தான் அக்கறை.

ஜூலை 3
அறிக்கையில் கையெழுத்துப் போட்டேன்.

ஜூலை 5
வயிறு என்று ஒன்று இருக்கிறதே — வேறு என்ன செய்திருக்க வேண்டும் நான்? சொல்லேன்.

ஆகஸ்ட் 9
மானியம் ஐந்து வருடத்துக்கு நீட்டிப்பு. நான் ஒரு வருடத்துக்கு.

ஆகஸ்ட் 16
அக்கா வீட்டுக்குப் போனேன். காலி கேன்களை வெட்டிச் செடி வைத்திருக்கிறாள்.
"இனிமே எதுக்குடி தண்ணிக்குக் காசு? ஓடை சுத்தம்னு உன் அறிக்கை பேப்பர்ல வந்துச்சே. நம்ம வீட்டுப் பொண்ணு சொன்னா சரியாத்தான் இருக்கும்னு மாமா நேத்தே கேன நிறுத்திட்டார்."
கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சிப் பால் மாவு கலக்கி, குழந்தையை என்னிடம் தந்து, பாட்டிலையும் கையில் கொடுத்தாள். "இந்தா, சித்தியே குடு."
வாங்கிப் பாத்திரம் கழுவும் தொட்டியில் கவிழ்த்தேன். அக்கா என் முகத்தையே பார்த்தாள்.
"அப்ப நீ போட்ட கையெழுத்து?"
"கேன்காரருக்கு போன் பண்ணுக்கா."
பண்ணினாள். பிறகு குழந்தையை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள்.